பாடகர் முடித்த பிறகும் பேசும் பியானோ

ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமானின் ‘கவிஞனின் காதல்’ பாடல் தொடரை வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தோம். 16 பாட்டும் முடிகிற நேரம். பாடகர் கடைசிச் சொல்லைப் பாடி நிறுத்திவிட்டார், பியானோ நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மைனரிலிருந்து மேஜருக்கு நகர்ந்து, தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல ஒரு நிமிடத்துக்கும் மேல் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். சின்ன வயதிலிருந்து கர்நாடகக் கச்சேரி கேட்டு வளர்ந்த காது அவருடையது. “ஏம்மா, பாடுறவர் முடிச்சிட்டாரே, பக்கவாத்தியம் மட்டும் இன்னும் என்ன பேசிட்டிருக்கு?” என்றார். அதைப் பின்னிசை என்பார்கள், அந்தக் காலத்து ஜெர்மன் பாட்டில் அது வழக்கம் என்று சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டிக்கொண்டார். ஆனால் அவர் கேட்டது பெயரை இல்லை, காரணத்தை. அந்தக் காரணத்தைத் தேடப்போய், ‘ரொமான்டிக்’ என்று இந்தப் பாடல்களை நாம் அழைப்பதே எதனால் என்ற கேள்வியில் போய் நின்றேன். அது இன்றுவரை என்னை விட்டபாடில்லை.

குரலுக்கும் பியானோவுக்குமான ஜெர்மன் கலைப்பாடல்கள் பற்றி எந்த அறிமுகத்தை எடுத்தாலும் ரொமான்டிக் குணங்கள் என்று ஒரு வரிசை வரும். நிலவு, காடு, ஓடை, ஊர் ஊராக அலைகிறவன், கைகூடாத காதல், கனவு, சாவு. தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இவை எல்லாமே கவிதையிலேயே இருக்கின்றன. ஜெர்மன் மகாகவி கதேயின் கவிதைகளுக்கு வியன்னா இசையமைப்பாளர் ஷூபர்டுக்கு முன்பே ரைஷார்ட்டும் ட்செல்ட்டரும் இசை அமைத்திருக்கிறார்கள். அங்கேயும் அதே இரவு, அதே காடு. கேட்க இனிமையாகவும் இருக்கும். ஆனால் ஷூபர்டைக் கேட்கும்போது வயிற்றில் ஏதோ ஒன்று புரளுமே, அது அங்கே நடப்பதில்லை. ஆகவே ரொமான்டிக் என்பது பாடுபொருளில் மட்டும் இல்லை. குரல் ஒன்று சொல்ல, பியானோ வேறொன்றை அறிந்திருக்கிறதே, அந்த இடைவெளியில்தான் அது இருக்கிறது. இதுதான் என் கட்சி.

சக்கரம் நின்ற இடம்

1814 அக்டோபர் 19 அன்று வியன்னாவில் ஷூபர்ட் ‘நூற்புச் சக்கரத்தருகே கிரெட்ஷென்’ பாட்டை எழுதினார். வயது 17. அப்பாவின் பள்ளிக்கூடத்தில் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் உதவி ஆசிரியர் வேலை. கதேயின் ‘ஃபவுஸ்ட்’ நாடகத்தில் காதல்வயப்பட்ட பெண் தனியாக நூல் நூற்றுக்கொண்டே பேசும் வரிகள் அவை. என் நிம்மதி போயிற்று, மனசு கனக்கிறது, இனி அது கிடைக்கவே கிடைக்காது என்று தொடங்கும். பியானோவின் வலது கை நிற்காமல் சுழல்கிறது, இடது கை மிதிகட்டையை மிதிக்கிறது. இதுவரைக்கும் யாருக்கும் தோன்றக்கூடியதுதான். ராட்டை சுற்றுகிறது, எனவே இசையும் சுற்றட்டும் என்று வைப்பதில் பெரிய புதுமை இல்லை.

அவள் தன் காதலனை நினைக்கத் தொடங்குகிறாள். அவன் நடை, அவன் புன்னகை, கண்ணின் வசியம், கைப்பிடி, அப்புறம் அவன் முத்தம். அந்தச் சொல்லில் குரல் உச்சிக்கு ஏற, சக்கரம் நின்றுவிடுகிறது. அவள் கை நூலை மறந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. கவிதையில் அப்படி ஒரு குறிப்பே கிடையாது. பியானோ நின்றதால் நமக்குத் தெரிகிறது. அடுத்து வருவதுதான் இன்னும் பெரிய விஷயம். அவள் மௌனமாக இருக்கிறாள். பியானோ ஒரு சின்னச் சுற்று சுற்றிப் பார்க்கிறது, நிற்கிறது. மறுபடி முயல்கிறது, நிற்கிறது. அதற்கடுத்துத்தான் சக்கரம் பிடித்துக்கொண்டு பழையபடி ஓடுகிறது. ஒரு பெண்ணுக்குத் தன் நினைவிலிருந்து திரும்பி வர எவ்வளவு சிரமமாக இருந்தது என்பதை அவள் வாயாலேயே சொல்லவைத்திருந்தால் நாம் பரிதாபப்பட்டிருப்போம், அவ்வளவுதான். இங்கே அவள் ஒன்றுமே சொல்லாதபோது அது நம் கண்முன்னே நடக்கிறது.

கதே இந்த வரிகளை முத்தத்தில் கரைந்துபோகும் ஆசையோடு முடித்துவிடுகிறார். ஷூபர்டுக்கு அது போதவில்லை. முதல் வரிகளை மறுபடி கொண்டுவந்து வைத்து, பாட்டைத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுபோய் விடுகிறார். சக்கரம் என்றால் அப்படித்தானே. பத்து வருடம் கழித்து, 1824 மார்ச் 31 அன்று, உடல் நலிந்து மனம் உடைந்திருந்த ஷூபர்ட் தன் நண்பரான ஓவியர் லியோபோல்ட் கூப்பெல்வீசருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் தன் நிலையைச் சொல்ல இதே கிரெட்ஷெனின் வரிகளைத்தான் எடுத்துக்கொண்டார். இப்போது தினமும் நான் இதைப் பாடலாம் என்று எழுதினார். 17 வயதில் ஒரு பெண்ணுக்காக எழுதிய இசை 27 வயதில் அவருடைய சொந்தப் பேச்சாகிவிட்டது. இந்தக் கடிதத்தை நினைக்காமல் என்னால் அந்தப் பாட்டைக் கேட்க முடிவதில்லை.

1816-இல் ஷூபர்டின் நண்பர் ஷ்பவுன், கதேயின் கவிதைகளுக்கு ஷூபர்ட் அமைத்த பாடல்களைக் கையெழுத்துப் பிரதியாக கதேக்கே அனுப்பினார். பதில் வரவில்லை, பிரதி திரும்பி வந்தது. கதேக்கு ரசனை இல்லை என்று இதை வைத்துப் பலர் பேசுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே மெட்டில் எல்லாப் பத்தியும் பாடப்பட வேண்டும், பாடுகிறவர் பத்திக்குப் பத்தி உணர்ச்சியை மாற்றிக்கொள்ள வேண்டும், வாத்தியம் அடக்கமாகத் தாங்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். கவிதையின் அர்த்தம் கவிஞனிடமும் பாடுகிறவரிடமும் இருக்க வேண்டும் என்று நினைத்தவருக்கு, கவிதையில் இல்லாத ஒன்றை பியானோ சொல்லத் துணிவது அத்துமீறலாகத்தான் தெரியும். அந்த அத்துமீறல்தான் நான் சொல்லும் ரொமான்டிக். 1830-இல், ஷூபர்ட் இறந்து ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆன பின்பு, வில்ஹெல்மினே ஷ்ரோடர்-டெவ்ரியன்ட் என்ற பெரிய பாடகி கதேக்கு முன்னால், அவர் கவிதைக்கு ஷூபர்ட் இசையமைத்த ‘எர்ல்கோனிக்’ பாட்டை, இரவில் மகனை அணைத்தபடி ஓர் அப்பா குதிரையில் விரையும் கதையை, பாடிக்காட்டினார். அப்போது 80 வயதான கவிஞர் மனம் நெகிழ்ந்தார். ஷூபர்டுக்கு அது தெரிய வழியில்லை.

24-இல் 8

சித்தப்பாவின் கேள்விக்கு விடை ஷூமானிடம் இருந்தாலும், எனக்கு அந்தக் கதவைத் திறந்தது ஷூபர்டின் ‘குளிர்காலப் பயணம்’. 1827-இல் எழுதியது. வில்ஹெல்ம் முல்லரின் 24 கவிதைகள். காதலில் தோற்ற ஒருவன் நள்ளிரவில் ஊரைவிட்டுக் கிளம்பிப் பனியில் நடக்கிறான், அவ்வளவுதான் கதை. இதே முல்லரின் கவிதைகளை வைத்து 1823-இல் ஷூபர்ட் எழுதிய ‘அழகிய ஆலைக்காரி’யில் ஓர் ஓடை உண்டு. அந்தப் பையன் ஓடையிடம் கேள்வி கேட்பான், பியானோ ஓடையாக ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் அவன் தண்ணீரில் மூழ்கியபின் ஓடையே தாலாட்டுப் பாடும். குளிர்காலப் பயணத்தில் அந்த ஆறுதலும் இல்லை. ஆறு உறைந்து கிடக்கிறது. கேட்டால் பதில் சொல்ல இயற்கையில் யாரும் இல்லை.

முதல் பாட்டு ‘இரவு வணக்கம்’. அந்நியனாக வந்தேன், அந்நியனாகவே போகிறேன் என்று தொடங்குகிறது. அந்தப் பெண் காதலைப் பற்றிப் பேசினாள், அவள் அம்மா கல்யாணத்தைப் பற்றியே பேசினாள், இப்போது பாதையெல்லாம் பனி. ‘நடக்கும் அசைவில்’ என்று கையெழுத்துப் பிரதியில் ஷூபர்ட் குறித்திருக்கிறார். பியானோ சீரான காலடிகளாக நடந்துகொண்டே இருக்கிறது. நான்கு பத்திகள். முதல் மூன்றும் டி மைனர். மூன்றாவதில் அவனுக்குக் கோபம் வருகிறது. என்னை விரட்டும்வரை நான் ஏன் இங்கே நிற்க வேண்டும், காதலுக்கு ஒருவரிடமிருந்து ஒருவரிடம் அலைவதுதான் பிடிக்கும், கடவுளே அதை அப்படிப் படைத்துவிட்டான் என்கிறான். அதன் பிறகு பியானோ வழக்கம்போல இடையில் கொஞ்சம் நடக்கிறது. நடந்துகொண்டே மேஜருக்கு மாறிவிடுகிறது.

கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகிறது. ஒரே ஒரு சுரம், அரைப் படி உயரம். குரல் நுழைவதற்கு ஒரு கணம் முன்பே பியானோ மாறிவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது. பிறகு அவன் பாடுகிறான். உன் கனவைக் கலைக்க மாட்டேன், உன் ஓய்வு கெட்டுப்போகும், என் காலடிச் சத்தம் உனக்குக் கேட்கக் கூடாது, மெதுவாகக் கதவைச் சாத்துகிறேன், போகிறபோக்கில் உன் வாசற்கதவில் ‘இரவு வணக்கம்’ என்று எழுதிவிட்டுப் போகிறேன், உன்னை நினைத்தேன் என்று நீ தெரிந்துகொள்ள. மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்று கீபோர்டு வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தருவார்கள். இந்த இடத்தில் அந்தப் பாடம் தலைகீழாகிறது. மைனரில் அவன் கோபப்பட்டான், குறை சொன்னான், நியாயம் பேசினான். நம்மால் தாங்க முடிந்தது. மேஜர் வந்ததும் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அந்த இதமான ஒலி அவனுடையது இல்லை, உள்ளே தூங்குகிறவளுடையது. அவள் கனவுக்குள் இருக்கும் வெளிச்சம் அது. அவன் வெளியே நின்று அதைப் பாடிவிட்டுப் போகிறான். கடைசியாக ஒருமுறை ‘உன்னை நினைத்தேன்’ என்று சொல்லும்போது காந்தாரம் மறுபடி கீழே இறங்கிவிடுகிறது. காலடிகள் டி மைனரில் தொடர்கின்றன.

இதைக் கவனித்த பிறகு 24 பாட்டையும் சுருதி வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். 16 பாட்டு மைனர், 8 பாட்டு மேஜர். அந்த 8 எவை தெரியுமா? வெளிர் மஞ்சள் நிறத்தில் பூக்கும் லிண்டன் மரத்தடியில் கண்ட பழைய சுகத்தின் நினைவு ஒன்று. வசந்தத்தைக் கனாக்காண்பது ஒன்று. அதிலும் சேவல் கூவியதும் இசை மைனருக்கு விழுந்துவிடுகிறது. தபால் வண்டியின் ஊதுகொம்பு கேட்டு, தனக்குக் கடிதம் இல்லை என்று தெரிந்தும் மனசு துள்ளுவது ஒன்று. மரத்தில் மிச்சமிருக்கும் ஒற்றை இலையில் நம்பிக்கையைக் கட்டித் தொங்கவிடுவது ஒன்று. ஊரார் தங்களுக்குக் கிடைக்காததையெல்லாம் கனவில் கண்டுகொண்டு தூங்குவது ஒன்று. முன்னால் ஆடிக்கொண்டு போகும் ஏமாற்று வெளிச்சத்தைத் தெரிந்தே பின்தொடர்வது ஒன்று. இடுகாட்டைச் சத்திரம் என்று எண்ணி இடம் கேட்டு, அறையெல்லாம் நிரம்பிவிட்டது என்று அங்கேயும் திருப்பி அனுப்பப்படுவது ஒன்று. வானத்தில் மூன்று சூரியன்கள் தெரியும் மாயக்காட்சி ஒன்று. எட்டும் கனவு, நினைவு, பிரமை, பொய்யான நம்பிக்கை. அவன் காலடியில் இருக்கும் நிஜமான பனிக்கு மேஜரில் ஒரு பாட்டுகூட முழுசாகக் கிடையாது. முதல் பாட்டில் ஒரு காந்தாரத்தை மாற்றி ஷூபர்ட் நமக்குக் காட்டிய விதி தொடர் முழுக்க ஆள்கிறது: இனிமையாக ஒலிக்கும்போதெல்லாம் அது இங்கே இல்லாத ஒன்று. ஏக்கம் என்று கவிதை நூறு முறை சொல்வதை, ஏக்கம் என்ற சொல்லே இல்லாமல் சுருதி அமைப்பாகவே கட்டி வைத்திருக்கிறார். இது புரிந்த நாளில் எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. எல்லாப் பாட்டையும் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

இந்தப் பாடல்களை முதலில் கேட்ட ஷூபர்டின் நண்பர்களே திகைத்துப்போனார்கள் என்று ஷ்பவுன் எழுதி வைத்திருக்கிறார். அவர்களில் ஒருவரான ஷோபர் தனக்கு லிண்டன் மரப் பாட்டு மட்டும் பிடித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற எல்லாப் பாடல்களையும்விட எனக்கு இவைதான் பிடித்திருக்கின்றன, உங்களுக்கும் ஒருநாள் பிடிக்கும் என்று ஷூபர்ட் பதில் சொன்னார். ஷோபர் தேர்ந்தெடுத்தது மேஜர் பாட்டு என்பது தற்செயல் இல்லை. அந்த வட்டத்தினரின் காலத்தையும் யோசிக்க வேண்டும். ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக்கின் போலீஸ் எல்லா இடத்திலும் காது வைத்திருந்த வியன்னா அது. 1820-இல் நண்பர் யோஹான் சென் கைதானபோது ஷூபர்டும் அதே அறையில் இருந்தார். அந்த நண்பரை மாதக்கணக்கில் சிறையில் வைத்து, பிறகு டிரோலுக்குத் துரத்திவிட்டார்கள். தெருவில் பேச முடியாத காலத்தில் ஒரு வீட்டின் கூடத்தில், ஒரு பியானோவைச் சுற்றி, நெருங்கியவர்கள் மட்டும் கூடிக் கேட்ட இசை இது. சொல்லில் ஒன்றை வைத்து இசையில் வேறொன்றை வைக்கும் பழக்கத்துக்கு அந்தச் சூழலும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது.

சுருதியும் பனியும்

24-ஆவது பாட்டில் நானும் சித்தப்பாவும் ஒத்துப்போகவில்லை. ஊருக்கு வெளியே ஒரு கிழவர் வெறுங்காலோடு பனிக்கட்டி மேல் நின்று, விரல் விறைத்துப்போய், கைப்பிடி சுற்றி வாசிக்கும் நரம்பு வாத்தியத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். தட்டு காலி. யாரும் கேட்பதில்லை, நாய்கள் உறுமுகின்றன. இடது கை முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஷட்ஜம்-பஞ்சமத்தைத்தான் வாசிக்கிறது. பாட்டின் 61 தாள அளவுகளிலும் (bar) அது மாறுவதில்லை. வலது கையில் ஒரு சின்ன மெட்டு வந்து போகும். அது ஓயும்போது பாடகர் பேசுவார், அவர் ஓயும்போது அது வரும்.

சித்தப்பா இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இப்பத்தாம்மா சுருதி சேர்ந்திருக்கு” என்றார். இத்தனை நேரம் இடம் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்த இசை கடைசியில் வீட்டுக்கு வந்துவிட்டது என்பது அவர் கேட்ட விதம். தம்புரா மீட்டும் மரபில் வந்த காதுக்கு அப்படித்தான் கேட்கும். எனக்கும் உடம்பு அப்படித்தான் முதலில் சொல்கிறது. ஆனால் ஷூபர்டின் இசையில் ஒரு கார்ட்டிலிருந்து, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டிலிருந்து, இன்னொன்றுக்கு நகர்வதுதான் உயிர்ப்பு. நகர்ந்தால்தான் திரும்ப முடியும். இங்கே நகர்வே நின்றுவிட்டது. இவ்வளவு தூரம் மேஜருக்கும் மைனருக்கும் இடையே அலைக்கழிந்தவனுக்கு இப்போது காந்தாரம்கூட இல்லாத வெறும் ச-ப. மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. கனவு காண்பதற்குரிய சுரத்தையே இடது கையிலிருந்து பிடுங்கிவிட்டார். இதை நான் சொன்னபோது சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “அலைஞ்சவன் நின்னுட்டான்னா அது நிம்மதி இல்லையா?” என்றார். இரண்டு விதமாகவும் கேட்கக் கூடிய இசை அது என்பதை அவர் சொல்லித்தான் நான் உணர்ந்தேன். கிழவரே, உம்மோடு நானும் வரட்டுமா, என் பாட்டுக்கு உம் வாத்தியத்தைச் சுற்றுவீரா என்ற கேள்வியோடு தொடர் முடிகிறது. கிழவர் வாய் திறப்பதில்லை. பியானோ மட்டும் ஒருமுறை ஓங்கி ஒலித்து அடங்குகிறது.

இனி ஷூமான். 1840 அவருடைய பாட்டு வருடம். அதற்கு முன் பத்து ஆண்டுகளாகப் பெரும்பாலும் பியானோவுக்கு மட்டுமே எழுதிக்கொண்டிருந்தவர் அந்த ஒரே வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதிக் குவித்தார். கிளாரா வீக்கை மணக்க அவள் அப்பா மறுத்து, விவகாரம் நீதிமன்றம்வரை போய், செப்டம்பர் 12 அன்றுதான் திருமணம் நடந்தது. ‘கவிஞனின் காதல்’ மே மாதக் கடைசியில் எழுதப்பட்டது, தீர்ப்பு இன்னும் வந்திருக்கவில்லை. ஜெர்மன் கவிஞர் ஹைனேயின் கவிதைகள். முதல் பாட்டில் அழகான மே மாதம், மொட்டெல்லாம் அவிழ்கிறது, என் நெஞ்சிலும் காதல் அரும்பியது என்று பாடகர் சொல்கிறார். ஆனால் பியானோ முதல் சுரத்திலிருந்தே உரசலோடு தொடங்கி, எஃப் ஷார்ப் மைனரா ஏ மேஜரா என்று முடிவு செய்யாமல் தொங்கி, கடைசியில் தீராத ஒரு கார்ட்டில் அப்படியே விட்டுவிடுகிறது. காதல் தொடங்கும்போதே பியானோவுக்கு முடிவு தெரிந்திருக்கிறது. ஷூபர்டிடம் பியானோ ஒரு கணம் முந்திக்கொண்டது என்றால், ஷூமானிடம் அது 15 பாட்டு முந்திக்கொள்கிறது.

கடைசிப் பாட்டில் ஹைனே பழைய பொல்லாத பாட்டுகளையும் கனவுகளையும் புதைக்க ஒரு பெரிய சவப்பெட்டி கேட்கிறார். ஹைடல்பெர்க்கின் பிரம்மாண்ட மதுப்பீப்பாயைவிடப் பெரிதாக, அதைச் சுமக்கும் பாடை மைன்ட்ஸ் பாலத்தைவிட நீளமாக இருக்க வேண்டும், கொலோன் பேராலயத்துக் கிறிஸ்டோபரைவிட பலசாலிகளான 12 ராட்சதர்கள் சவப்பெட்டியைத் தூக்கிக் கடலில் போட வேண்டும். ஏன் இவ்வளவு பெரிது என்றால், என் காதலையும் வலியையும் அதற்குள் போட்டிருக்கிறேன். கவிதை அங்கே முடிகிறது. இவ்வளவு பெரிய அளவுகளில் பேசுகிற மனிதன் தன் வலியைக் கேலிக்குப் பின்னால் மறைக்கிறான் என்பது ஹைனேயைப் படித்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கேலியோடேயே ஷூமானும் முடித்திருக்கலாம்.

முடிக்கவில்லை. பியானோ 12-ஆவது பாட்டின் பின்னிசையை எடுத்துக்கொண்டு வருகிறது. கோடைக்காலையில் தோட்டத்தில் ஊமையாக நடந்தவனை இரக்கத்தோடு பார்த்துப் பூக்கள் பேசினவே, அந்தப் பாட்டு. எங்கள் சகோதரியிடம் கோபப்படாதே, வெளிறிப்போன சோக மனிதனே என்று அவை சொல்லின. அவன் அன்று பதில் சொல்லவில்லை. இப்போது காதலைக் கடலில் போட்டுவிட்டேன் என்று அவன் அறிவித்து வாயை மூடிய பிறகு, பியானோ அந்தப் பூக்களின் பேச்சைத் திரும்பக் கொண்டுவந்து, அதிலிருந்து மேலே போய்த் தன் வழியில் தொடர்கிறது. மன்னித்துவிட்டான் என்று ஹைனே எங்கும் எழுதவில்லை. ஷூமான் சொற்களே இல்லாமல் அதை எழுதிச் சேர்த்திருக்கிறார். இதைத்தான் சித்தப்பாவிடம் சொன்னேன். “அப்போ கடைசிக் கவிதையை எழுதினது பியானோ” என்றார். ஆமாம்.

ஏன் பியானோ? இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் வீட்டு வசதி என்று தாண்டிவிடுகிறார்கள். நடுத்தர வீடுகளில் பியானோ வந்துவிட்டது, அதனால் பாட்டு எழுதினார்கள் என்பது உண்மைதான். பெண்களுக்குப் பொதுமேடை மறுக்கப்பட்ட காலத்தில் ஃபானி மென்டெல்சோன் போன்றவர்கள் வீட்டுக்குள்ளேயே நூற்றுக்கணக்கான பாடல்களை எழுத முடிந்ததும் அதனால்தான். அவருடைய சில பாடல்கள் தம்பி ஃபெலிக்ஸின் பெயரில் அச்சாயின. 1842-இல் விக்டோரியா மகாராணி தனக்குப் பிடித்தது என்று எடுத்துப் பாடிய பாட்டு அக்காவுடையது என்று ஃபெலிக்ஸ் அங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் வசதியைத் தாண்டி, அந்த வாத்தியத்தின் இயல்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. குரலால் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு வளர்க்க முடியும். பியானோவால் முடியாது. சுத்தி கம்பியைத் தட்டிய மறுகணமே ஒலி தேயத் தொடங்கிவிடும். மரச்சட்டமும் தோல் போர்த்திய சுத்திகளும் கொண்ட 1820-களின் வியன்னா பியானோவில் இன்னும் சீக்கிரம் தேயும். நிகழ்காலத்தில் நின்று பாடும் குரலுக்குப் பக்கத்தில், பிறக்கும்போதே கடந்துபோகிற ஒலி. இழந்ததைப் பற்றிப் பாட இதைவிடப் பொருத்தமான துணை கிடைக்காது.

அதனால்தான் இந்தப் பாடல்களை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெர்லியோஸும் லிஸ்ட்டும் 1860-இல் ஆளுக்கொரு விதமாக ‘எர்ல்கோனிக்’ பாட்டை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார்கள். இருவருமே ஷூபர்டை மதித்தவர்கள், வேலையும் சுத்தமான வேலை. காடு பெரிதாகிவிடுகிறது, காற்று நிஜமாக வீசுகிறது. ஆனால் மூலத்தில் குதிரையின் குளம்பொலி ஒரே ஒரு வலது கையில் இருக்கிறது. மூன்று மூன்று சுரங்களாக ஓடும் வேகமான மும்மைகளாக, பெரும்பகுதி ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்தடிக்கும் ஆக்டேவ்களாக, நாலு நிமிடம் கை ஓயாமல். எவ்வளவு கடினம் என்றால், கதேக்கு அனுப்பிய பிரதியில் ஷூபர்டே மும்மைகளை இரட்டைகளாகக் குறைத்து எழுதிக்கொடுத்தார். அந்தப் பையன் அப்பா, அப்பா என்று கத்துவது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முன்னைவிட உயர்ந்த சுரத்தில். மூன்றாவது முறை வரும்போது வாசிப்பவரின் கை நிஜமாகவே வலிக்க ஆரம்பித்திருக்கும். வீட்டுக்குப் போய்ச் சேருவோமா என்ற பயம் அந்த வலியில் கேட்கிறது. வயலின் வரிசை அதே சுரங்களைப் பங்குபோட்டு வாசிக்கும்போது யாருக்கும் வலிப்பதில்லை, குதிரை ஊர் போய்ச் சேர்ந்துவிடும் என்று தோன்றிவிடுகிறது. மேடையில் இந்தப் பாட்டு இருக்கிறது என்று தெரிந்தால், பாடகரின் முகம் தெரியும் நடு இருக்கையை நான் கேட்பதில்லை. இடப்பக்க ஓரத்தில், பியானோ வாசிப்பவரின் வலது மணிக்கட்டு தெரிகிற இருக்கையாகப் பார்த்து டிக்கெட் எடுப்பேன்.